வேனுக்கு முன்னால்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் சுகம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தீவில் முதல் தடவையாக நீண்ட தூர ஓட்டம் நடத்துகிறார்கள். தீவைச் சுற்றி இருபத்தொரு கிலோமீட்டர். ‘மகிழ்ச்சி ஓட்டம்’ என்று பெயர். மகிழ்ச்சிக்கு எதற்கு இவ்வளவு தூரம் என்று எங்கள் ஓட்டல் சலவைக்கூடத்துப் பெண்கள் கேட்கிறார்கள். நான் பெயர் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதமாக விடியற்காலையில் கடற்கரை ரோட்டில் ஓடுகிறேன். நாய்கள்கூட இப்போது என்னைத் துரத்துவதில்லை.

நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எல்லோருக்கும் பின்னால், அந்தக் கணக்குக்கு மெதுவாக ஒரு வேன் வரும். அது முந்திவிட்டால் அதில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். நாற்பத்தேழு வயதில் இது தேவையா என்று நீ கேட்பாய். கேள்.

உன்
வாலு

பிப்ரவரி 15

அன்புத் தங்கைக்கு,

நீ ஓடப்போகிறாயா? பஸ் கண்ணெதிரே நின்றாலும் அடுத்த பஸ்ஸில் போகலாம் என்பவள் நீ. தட்டச்சு பாதியில், நர்சிங் பாதியில், பாட்டு வகுப்பு கால்வாசியில். கல்யாணமும் பாதியில் நின்றது. அது உன் தப்பில்லை, ஆனாலும் வரிசையில் இருக்கிறது.

பதினோரு வருடமாக ‘வந்துவிடு’ என்று கூப்பிடுகிறேன். மாடி அறையை வாரம் தவறாமல் கூட்டித் துடைக்கிறேன். ஊரான் துணியைத் துவைத்துக்கொண்டு தனியாகக் கிடக்க உனக்கு என்ன தலையெழுத்து?

சரி, ஒரு பந்தயம். முழுசாக ஓடி முடித்தால் இனி அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். வேனில் ஏறினால் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட வேண்டும். பேச்சு மாறக்கூடாது.

அக்கா

பிப்ரவரி 22

அக்கா,

சம்மதம். எனக்காகத் தலையணைக்கு உறை மாற்றாதே.

வாலு

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நின்றுகொண்டு எழுதுகிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டத்துக்குக் கொடுத்த பருத்திப் பனியன் தொளதொளவென்று இருந்தது. சலவைக்கூடத் தலைவி அப்படியா போய் நிற்பாள்? கஞ்சி போட்டு, மடிப்பு கத்திபோல் நிற்கும்படி இஸ்திரி போட்டேன். புறப்பட்ட இடத்தில் என்னைப்போல் யாருமே இல்லை. ஆறாவது கிலோமீட்டரில் அக்குள் இரண்டும் தோலுரிந்துவிட்டன.

கஞ்சியை எடுக்க எனக்குத் தெரியாதா? தண்ணீர் கொடுத்த இடத்தில் நாலு பாட்டிலைத் தலையோடு கொட்டிக்கொண்டு, பனியனை உடம்பிலேயே வைத்துக் கசக்கினேன். தண்ணீர் கொடுத்த அம்மா, “என்னம்மா, இங்கேயே துவைக்க ஆரம்பிச்சிட்டே?” என்றாள். எரிச்சல் குறைந்தது. ஆனால் பத்து நிமிடம் போய்விட்டது.

பதினாறாவது கிலோமீட்டரில், கலங்கரை விளக்கத்து மேட்டில், வேன் பக்கத்தில் வந்துவிட்டது. பார்த்தால் எங்கள் ஓட்டல் வேன். தினமும் நான் துணி மூட்டை ஏற்றி அனுப்புகிற அதே டிரைவர்.

“அக்கா, ஏறிக்குங்க. பின்னாடி மெத்தை கிடக்கு, படுத்துக்கிட்டே வரலாம்.”

“நீ கொஞ்சம் மெதுவா ஓட்டுப்பா.”

“இதுக்கு மேல மெதுவா ஓட்டினா வண்டி நின்னுடும். நீங்க கொஞ்சம் வேகமா ஓடுங்க.”

அப்போது உன் மாடி அறை ஞாபகம் வந்தது. மின்விசிறி, சன்னல், நீ விரித்து வைத்திருக்கும் போர்வை. போய்ப் படுத்துவிடலாம் என்று ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஏறினால் என் கூடத்தை வேறு யாரோ ஒருத்தி திறப்பாள் என்று நினைத்தேன். அதைத்தான் தாங்க முடியவில்லை. டிரைவரைப் பார்க்காமல் ஓடினேன். இறக்கத்தில் வேன் பின்தங்கியது.

மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடம். ஓடி முடித்தவர்களில் நான்தான் கடைசி. எங்கள் பெண்கள் வாளிகளைத் தட்டிக் கூச்சல் போட்டதில் வேன் வந்து நின்றதே தெரியவில்லை. அதிலிருந்து பதினேழு பேர் இறங்கினார்கள். எங்கள் மேனேஜரும் அதில் ஒருவர். குனிந்த தலை நிமிராமல் போனார்.

ஜெயித்துவிட்டேன் அக்கா.

உன்
வாலு

மார்ச் 29

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை வாசலிலேயே பிரித்துப் படித்தேன். வேன் பக்கத்தில் வந்த இடத்தில், நீ ஏறிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நாலு வரி தள்ளி, ‘ஏறிவிடாதேடி’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எனக்கே என்னைப் புரியவில்லை.

ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன். “கடைசியாவா வந்தாங்க?” என்று கணக்கர் இளித்தார். “நீங்க பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்” என்றேன்.

நீ பாதியில் விட்டதையெல்லாம் வரிசையாக எழுதினேனே, ஒரே கூடத்தில் பதினோரு வருடம் நின்று அதற்குத் தலைவியான கதையை ஏன் எழுதவில்லை என்று யோசித்தேன். நீ அங்கே இருந்த வருடங்களை உன் வேலை என்றே நான் நினைக்கவில்லை. என் காத்திருப்பு என்று மட்டும் நினைத்துவிட்டேன். இந்த வீட்டில் தனியாகக் கிடப்பது நான்தான். அதை உன் தலையில் கட்டிப் பேசிக்கொண்டிருந்தேன்.

மாடி அறையை வாடகைக்கு விட்டுவிட்டேன். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி வருகிறாள். உன் பெட்டியையும் தையல் மிஷினையும் நேற்று லாரியில் ஏற்றினேன். திரும்பி வந்து காலி அறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். உன்னைத் துரத்திவிட்டதாக நினைக்காதே. உன் சாமான் உன் வீட்டில் இருக்கட்டும்.

இனி இங்கே வந்தால் விருந்தாளியாக வா. கட்டில் உனக்கு, பாய் எனக்கு.

தோற்றுப்போன
அக்கா