விற்பதற்காகப் பெயின்ற் அடித்த வீடு

என் அருமை அக்காவுக்கு,

“மாஸ்ரர், வீட்டை விக்கப் போறியளோ, இல்லாட்டி அதுக்குக் கலியாணம் பேசப் போறியளோ?” பெயின்ற் அடிக்க வந்த ரவி ஏணியில் நின்றபடி இப்படித்தான் கேட்டான். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

நீங்கள் கண்ணை மூடியபின், பிள்ளைகள் இல்லாததால் உங்கள் சீதன வீடு எங்கள் மூன்று பேருக்கும் வந்தது: எனக்கும், ரொறன்ரோவில் இருக்கும் தம்பி குகனுக்கும், லண்டனில் இருக்கும் தங்கச்சி வதனிக்கும். நானோ மனைவியின் வீட்டில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? “பூட்டி மட்டும் வைச்சிடாதை தம்பி. இருக்கிற ஆக்களாப் பாத்துக் குடு.”

இருக்கிற ஆட்கள் கிடைத்தார்கள் அக்கா. கலாவை உங்களுக்குத் தெரியும், என்னிடம் கணக்குப் படித்தவள். அவள் புருஷன் சிவராசா குறிகட்டுவானுக்கு ஓடும் போட்டில் வேலை செய்கிறான். இரண்டு பெண் பிள்ளைகள். வாடகைக்கு இருக்கும் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார்களாம். உங்கள் வீடு கிடைத்தால் நயினாதீவிலேயே இருப்பார்கள். கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணப் பக்கம் போய்விடுவார்கள்.

விலையும் பேசி முடிந்தது. அப்போதுதான் குகன் போன் எடுத்தான். “அண்ணை, உந்தக் கோலத்திலை விக்காதேங்கோ. பெயின்ற் அடிச்சுப் போட்டு விப்பம்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பரீட்சைத் தாளில் நல்ல கையெழுத்துக்கு இரண்டு புள்ளி கூட்டிப் போட்டவன்தானே நானும்! என்ன நிறம் என்று வட்சப்பில் ஒரு கிழமை சண்டை நடந்தது. வதனிக்குப் பழைய இளநீலமே வேண்டும், குகனுக்குச் சந்தன நிறம். அதற்குள் இருக்கப் போகிற கலாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் இளநீலம் வென்றது. உப்புக்காற்று தின்ற சுவரைச் சுரண்டி, பூசி, ரவி வீட்டைப் புதிதாக்கிவிட்டான். நான் படம் எடுத்து அனுப்பினேன்.

அதோடு விற்பனை நின்றது.

வதனி அழுதழுது குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். “அண்ணை, இதைப் போய் விக்கிறதோ? அக்கா உள்ளுக்கை நிண்டு கூப்பிடுற மாதிரிக் கிடக்கு.” குகன் எழுதினான்: “நாங்கள் ஊருக்கு வந்தால் நிக்க ஒரு இடம் வேணும்தானே.” அவர்கள் சார்பில் நான் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவப் பத்திரம் அனுப்புவதாகச் சொன்னவர்கள், அதைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை. கொப்பிக்கு வடிவாக உறை போட்டுவிட்டு, அழுக்காகிவிடும் என்று அதில் எழுதாமலே வைத்திருக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்களோடு பொறுமையாக இருக்க முடிந்தது. இவர்களோடு ஏன் முடியவில்லை?

அம்மன் தேருக்கு இரண்டு பேரும் குடும்பத்தோடு வந்தார்கள். நான் கிணறு இறைத்து, கட்டில்களுக்குப் புது விரிப்புப் போட்டு, நுளம்பு வலையும் கட்டி வைத்திருந்தேன். படலையில் நின்று படம் எடுத்தார்கள். வதனி சுவரைத் தடவித் தடவி அழுதாள். பிறகு குகன் மணிக்கூட்டைப் பார்த்தான்.

“கடைசிப் போட் எத்தினை மணிக்கு, அண்ணை?”

“ஏன், நிக்கேல்லையோ?”

“யாழ்ப்பாணத்திலை றூம் போட்டாச்சு. பிள்ளையளுக்கு ஏசி இல்லாமல் ஏலாது.”

“அப்ப இஞ்சை நிக்கப் போறது ஆர்?”

“அடுத்த முறை கட்டாயம் நிப்பம்,” என்றாள் வதனி.

அவர்களை இறங்குதுறையில் விட்டுவிட்டு வந்து, கட்டிய வலைகளை அவிழ்த்து மடித்தேன். “நல்லாக் கிடக்கு. பெஞ்சன் எடுத்தும் உங்களுக்கு ஒரு வாச்சர் வேலை கிடைச்சிட்டுது,” என்றாள் என் மனைவி. கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறதா, அக்கா? அவர்களுக்கும் நீங்கள் அக்காதானே. தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு படம்தான் மிச்சம் என்றால், அதையும் நான் பறிப்பதா?

ஆனால் போன கிழமை கலா வந்தாள். கதிரையில் இருக்கவும் மாட்டேன் என்றுவிட்டாள். “சேர், ஓமெண்டாலும் இல்லையெண்டாலும் ஒண்டைச் சொல்லுங்கோ. பள்ளிக்கூடம் மாத்திறதெண்டால் தையிலை மாத்த வேணும்.”

அன்று பின்னேரமே குகனுக்கும் வதனிக்கும் எழுதினேன். என் பங்கை விற்கப் போகிறேன், வெளியாளுக்குக் கொடுக்க முன் பங்காளிகளைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் தேசவழமைச் சட்டம், ஆகவே கேட்கிறேன்: வாங்கிக்கொண்டு வந்து இருங்கள், முடியாவிட்டால் மூன்று பேரும் சேர்ந்து கலாவுக்கு எழுதிக் கொடுப்போம்.

வாசித்துவிட்டார்கள். பிறகு குகன் கேட்டான்: “அண்ணை, கோவமோ?”

“ஓம்,” என்று எழுதினேன்.

மறுநாள் வதனி தான் கையெழுத்து வைத்து அனுப்புவதாகச் சொன்னாள். குகன் இன்னும் யோசிக்கிறான். யோசிக்கட்டும். அக்கா, இது உங்களுக்கு நான் தரும் வாக்கு: அவன் யோசித்து முடிக்காவிட்டாலும் தை பிறக்க முன் வீட்டுத் திறப்பு கலாவின் கைக்குப் போகும். அவர்கள் குடியிருக்கட்டும். உறுதிப் பத்திரம் எழுதும் வேலையை அவர்கள் உள்ளே இருக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். குகனுடைய கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன்.

இதை வாசிக்கிறவர்களே, உங்களுக்கும் ஊரில் பூட்டிய வீடு ஒன்று இருந்தால், அதற்குப் பெயின்ற் அடிக்க முன் ஓர் இரவு அங்கே படுத்து எழும்பிப் பாருங்கள்.

உங்கள் மூத்த தம்பி,
பரமு