மாப்பிள்ளைக்குப் பிடித்த வண்டி

மச்சான்,

போன வாரம் ஸ்கூட்டர் டிக்கியில் குடையைத் தேடியபோது உங்கள் காந்தம் கையில் தட்டுப்பட்டது. பழைய கைக்குட்டையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தீர்கள். பிரித்தேன். துரு வாசனையும் உங்கள் மூக்குப்பொடி வாசனையும் கலந்து வந்தது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. கடை வாசலில் வாடிக்கையாளர் ஒருவர் பெயின்டுக்குக் காத்திருந்தார். அவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு நான் அந்தக் கைக்குட்டையை முகர்ந்துகொண்டிருந்தேன்.

பழைய கார் பார்க்கப் போகும்போதெல்லாம் அதுதான் உங்கள் ஆயுதம். கதவு, மட்காட், கூரை என்று ஒட்டிக்கொண்டே வருவீர்கள். ஒட்டாத இடத்தில் தகரம் போய்விட்டது, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விழுப்புரத்தில் பெயின்டுக் கடை வைத்திருப்பவன் நான். பட்டியை நான் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவேன். ஆனாலும் உங்கள் காந்தம் பேசி முடிக்கும் வரை வாயைத் திறக்க மாட்டேன்.

ஒன்பது வருஷம் மச்சான். மாதத்துக்கு ஒரு ஞாயிறாவது நீங்கள் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி விக்கிரவாண்டியில் வந்து இறங்குவீர்கள். அங்கிருந்து என் ஸ்கூட்டரில் இருவரும் கிளம்புவோம். பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, நம் கையாலேயே புதுசாக்க வேண்டும் என்பது திட்டம். இருவருக்கும் எஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்பதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அனந்தபுரம் பக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையில் நின்றதே, பச்சை வண்டி. பின் சீட்டில் உரிக்காத மல்லாட்டை மூட்டை, அதன்மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நீங்கள் காந்தத்தை வெளியில் எடுக்கவே இல்லை. "கோழிய எழுப்ப வேணாம் மாப்ள, வாங்க போலாம்" என்று திரும்பிவிட்டீர்கள். குயிலாப்பாளையத்தில் பார்த்த வண்டி உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆர்.சி. புத்தகத்தை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படித்தீர்கள். சொந்தக்காரர் இறந்துபோய் மூன்று வாரிசுகள், விற்க வந்திருப்பவர் ஒருவர். "பத்திரம் எழுதுறவன் கண்ணுல வில்லங்கம் பட்டா விடுவனா?" என்று வண்டி ஏறும்போது சிரித்தீர்கள். இரும்பை கிராமத்தில் ஒரு வண்டிக்குக் கதவு சாத்தும் சத்தம் சரியில்லை என்றீர்கள். அந்தக் கதவு எனக்குக் கேட்டவரை கதவு மாதிரிதான் சாத்திக்கொண்டது.

ஒவ்வொரு முறையும் நீங்கள் வேண்டாம் என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வரும். அதை உங்களிடம் சொன்னதில்லை. சொல்லக்கூடியதா அது?

எனக்கு அம்பாசிடர் பிடிக்காது மச்சான். பிடித்ததே இல்லை. என் ஆசையெல்லாம் ஜீப்பின் மேல்தான். பின்னே எதற்கு ஒன்பது வருஷம் அலைந்தேன் என்றால், உங்களுக்காகத்தான். ஒரு கல்யாணத்தில் மண்டப வாசலில் நின்ற வெள்ளை அம்பாசிடரை நீங்கள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. ஐயோ பாவம், ஆசை போலிருக்கிறது என்று நினைத்து, "நல்ல வண்டிங்க இல்ல? இது மாதிரி ஒண்ணு எடுத்து ரெடி பண்ணணும்" என்றேன். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள். அங்கே ஆரம்பித்தது.

இப்போது நான் குழம்பிப்போயிருப்பதைச் சொல்ல வேண்டும். காந்தம் கிடைத்த அதே நாள் சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து போன் வந்தது. நாம் கடைசியாகப் பார்த்த வண்டிக்குச் சொந்தக்காரர், ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர். மகனோடு கோயம்புத்தூர் போகிறாராம், வீட்டைப் பூட்டப் போகிறாராம். ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் ஒரு பதில் சொல்லாவிட்டால் வண்டி காயலாங்கடைக்குப் போய்விடும் என்றார்.

அந்த வண்டி ஞாபகமிருக்கிறதா? காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. புத்தகத்தில் ஒரே பெயர், ஒரே கையெழுத்து. நீங்கள் இரண்டு தடவை சுற்றி வந்தீர்கள், குனிந்து அடியில் பார்த்தீர்கள். உங்களுக்குக் குறை கிடைக்காமல் நான் பார்த்த ஒரே நாள் அது. "வூட்ல கலந்துக்கினு சொல்றோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தீர்கள். பன்னிரண்டாம் நாள் நெஞ்சுவலி. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதனால் அந்த வண்டியை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நீங்கள் தேறும் என்று விட்டுவந்த ஒரே வண்டி, உங்கள் ஆசை, அதை எப்படி உடைக்க விடுவது? உங்கள் தங்கையிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணனுக்கு எங்க அந்த வண்டி புடிச்சிது? அதுக்கு புடிச்சது பத்மினி காரு. குட்டியா, அடக்கமா இருக்கும்னு சொல்லிக்கினே இருக்கும். உங்களுக்காவதான் அம்பாசிடரு பின்னாடி சுத்திக்கினு இருந்துது."

"கல்யாண மண்டபத்துல அவ்ளோ நேரம் பாத்துக்கினு நின்னாரே?"

"அந்த வண்டி அண்ணன் ஸ்கூட்டர மறிச்சிக்கினு நின்னுதாம். டிரைவரு எப்ப வருவான்னு நின்னுதாம். பேஜாரா போச்சின்னு அன்னைக்கே எங்கிட்ட சொல்லிச்சே."

"இத்தினி வருசமா நீ ஏன் சொல்லல?"

"மாப்ள ஆசப்படறாரு, வாய தொறக்காதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிச்சி."

உங்கள் வீட்டுப் பழக்கம் எனக்குத் தெரியாததா? மறுவீட்டு விருந்தில் பரங்கிக்காய்க் கூட்டு நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னேன். இருபத்தாறு வருஷமாக நான் திண்டிவனம் வந்தால் பரங்கிக்காய்தான். மாப்பிள்ளை வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டால் உங்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சு கிடையாது. நானும் மச்சான் மனம் கோணக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன். நம் இருவருக்கும் நடுவில் அந்த வண்டி மாட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்தக் கதவுச் சத்தம் நிஜமாகவே சரியில்லையா, இல்லை சாக்கா? கோழியின் மேல் இரக்கமா, வண்டியின் மேல் வெறுப்பா? நீங்கள் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். இல்லை, கேட்டிருக்க மாட்டேன். மரியாதை.

ஒரு தெளிவு மட்டும் வந்தது. இருவருக்கும் பிடிக்காத வண்டியை எதற்கு வாங்க வேண்டும்? நேரில் போய் வேண்டாம் என்று சொல்லிவிடுவது, பிறகு நிதானமாக உங்களுக்குப் பிடித்த பத்மினி ஒன்றைத் தேடுவது. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக்குத் தனியாகப் போனேன். விக்கிரவாண்டியில் பழக்கதோஷத்தில் வண்டியை ஓரம் கட்டி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது மச்சான். ஹெல்மெட் போட்டிருந்ததால் பரவாயில்லை.

ஆய்வாளர் வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியாகிவிட்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் அவர் பேசினார். "உங்க மச்சான் நல்ல மனுசருங்க. நீங்க வந்துட்டுப் போன ராத்திரியே போன் பண்ணாரு. மாப்ளைக்கு ரொம்ப புடிச்சிப்போச்சி, சீட்ல உக்காந்தவரு கண்ண மூடிக்கினு ரசிச்சாரு, இன்னா ஆனாலும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்கன்னாரு. அவரு கேட்டுக்கினதாலதான் இத்தினி மாசமா வச்சிருக்கேன்."

கண்ணை மூடியது உண்மைதான். முதுகு வலி. அந்த சீட் சாய்வாக இருந்தது, ஒரு நிமிஷம் இதமாக இருந்தது. அதை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். ஒன்பது வருஷம் சாக்குச் சொல்லித் தப்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்குத் தோற்றுப்போயிருக்கிறீர்கள்.

"புடிச்சிருக்கு இல்லைங்க?" என்று கேட்டார் அவர்.

சொல்ல வந்தது வேறு. "புடிச்சிருக்குங்க" என்றேன்.

வண்டி இப்போது நம் வீட்டு வாசலில் நிற்கிறது. இழுத்துக்கொண்டுதான் வந்தோம். உங்கள் தங்கை ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தாள். நான் தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து, பழைய பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன். இடது பக்கக் கதவு முடிந்திருக்கிறது. செய்தது சரியா தப்பா என்று இந்த நிமிஷம் வரை தெரியவில்லை. உங்களுக்காகச் செய்கிறேனா, எனக்காகவா, அதுவும் தெரியவில்லை. வண்டி இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. முகம் உப்பின மாதிரி இருக்கிறது.

நேற்று பக்கத்துக் கடைக்காரர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுசாக ஒரு சுற்று வந்தார். "இன்னாங்க, முன்பக்கம் கொஞ்சம் சாஞ்சிக்கினு இருக்கே, நல்லா பாத்துதான் எடுத்தீங்களா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன்.

"எங்க மச்சான் பாத்து முடிச்ச வண்டிங்க இது" என்றேன்.