ஞாயிற்றுக்கிழமை தூளி கட்டுவதில்லை

அனுப்புநர்:
ச. பூவம்மாள், அங்கன்வாடி பணியாளர்,
திம்மராயன் கொட்டாய், பர்கூர் வழி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: கல்குவாரி வெடியின் அதிர்வைப் பதிவு செய்துள்ள சென்சார் பெட்டியை, பேட்டரி தீரும் முன் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மையத்தில் இருபத்து மூன்று பிள்ளைகள். அவர்கள் மதியம் தூங்கும் நேரமும் பக்கத்துக் குவாரியில் வெடி வைக்கும் நேரமும் ஒன்றே. 10.03.2008 அன்று வெடி அதிர்வில் சுவர்க் காரை பெயர்ந்து, பெருமாள் மகள் சௌமியாவின் பாயில் விழுந்தது. அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். அன்றிலிருந்து எல்லோரையும் புளியமரத்தடியில் படுக்க வைக்கிறேன்.

2. சென்ற ஆண்டு பெங்களூரிலிருந்து வந்த ஆராய்ச்சிக் குழுவினர் ஊரில் ஆறு பெட்டிகளைச் சுவர்களில் பொருத்தினார்கள். அவை அதிர்வை அளந்து, வயர் இல்லாமலே ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தி, ஊராட்சி அலுவலகத்தில் வைத்த கணினிக்கு அனுப்பும். ஜூன் வரை இருக்கும் என்றவர்கள், 22.02.2008 அன்று கணினியையும் ஐந்து பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு போனார்கள். கேட்டதற்கு, ஆராய்ச்சி முடிந்தது என்றார்கள். பதிவானதை ஊராருக்குக் காட்ட அனுமதி இல்லையாம். சுவர் எங்களுடையது, பிள்ளைகள் எங்களுடையவர்கள், கணக்கு மட்டும் ரகசியம். ஆகவே ஆறாவது பெட்டி இருக்கும் எங்கள் மையத்தின் சாவியை நான் கொடுக்கவில்லை.

3. குவாரி உரிமத்தை நீட்டிப்பது பற்றிய விசாரணை 24.03.2008 அன்று. இந்த வாரம் நடந்த ஊர்க்கூட்டத்தில் நான் பெட்டியைப் பற்றிச் சொன்னதும் குவாரி மேனேஜர், "தூளிய ஆட்டுனா பெட்டி துடிக்காம என்ன பண்ணும்? நீங்களே ஆட்டிப்புட்டு எங்க மேல பழி போடறீங்க" என்றார். ஊரே சிரித்தது. நான் தலை குனிந்தேன், ஏனென்றால் தூளி உண்மை. எதையும் கட்டக் கூடாது என்று குழுவினர் சொல்லியும், மாரம்மாவின் கைக்குழந்தைக்காகப் பெட்டிக்கு மேலுள்ள கொக்கியில் நான்தான் கட்டினேன். அது என் தவறு.

4. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மையம் பூட்டிக் கிடக்கும். தூளி என் வீட்டில் மடித்து இருக்கும். குவாரிக்கு மட்டும் ஞாயிறு கிடையாது. பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்கக் கடந்த மூன்று ஞாயிறும் போனேன். ஒவ்வொரு வெடிக்கும் அதன் சிவப்பு விளக்கு மினுங்கியதை ஜன்னல் வழியே கண்டேன். நேரத்தோடு எல்லாம் பெட்டிக்குள் இருக்கிறது. குழுவிலிருந்த ஹரீஷ்குமார் என்ற மாணவர் போனில் சொன்னபடி, பேட்டரி 19ஆம் தேதியைத் தாண்டாது. தீர்ந்தால் பதிவும் போய்விடும்.

5. பெட்டியைத் திருடிவிட்டதாக ஆராய்ச்சிக் குழுவினர் என் மேல் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். வேலை போய்விடும் என்று என் கணவர் சம்பங்கி சாப்பிடாமல் இருக்கிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பெட்டி அதே சுவரில்தான் இருக்கிறது. நான் அங்கிருந்து வெளியே எடுத்தது பிள்ளைகளை மட்டுமே.

ஆகவே வரும் 16.03.2008 ஞாயிறு பகல் ஒரு மணிக்கு, அந்தப் பெட்டியைப் படிக்கத் தெரிந்த ஒருவரோடு தாங்களோ தங்கள் அலுவலரோ நேரில் வர வேண்டுகிறேன். சாவியை அப்போது ஒப்படைக்கிறேன். முதலில் கொக்கியைப் பாருங்கள், தூளி இருக்காது. வெடிச்சத்தம் கேட்டதும் விளக்கைப் பாருங்கள். சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி நிற்கும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: திம்மராயன் கொட்டாய்
நாள்: 14.03.2008

இப்படிக்கு,
ச. பூவம்மாள்