பெயரில்லாத கல்லின் பொப்பிப் பூ

ரொம்மன், ஒஸ்லோ
12.11.2024

அன்புள்ள தங்கச்சி தேவிகாவுக்கு,

நான் நலம். நீயும் மகள் ஹம்சத்வனியும் நலமாக இருக்க வேண்டும். கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுக்கிற அண்ணனுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று சிரிப்பாய். உறைக்குள் இருப்பதைப் போனில் அனுப்ப முடியாது, அதுதான்.

நான் வேலை செய்கிற மயானத்தில் உலகப் போரில் இறந்த பிரித்தானியச் சிப்பாய்களின் கல்லறைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு கார்த்திகையும் அவர்களுடைய ஆட்கள் வந்து சிவப்புக் கடதாசிப் பொப்பிப் பூக்கள் வைப்பார்கள். குண்டு கிளறிய மண்ணில் தானாகப் பூத்த பூவாம். இந்த முறை ஒரு பெண் மட்டும் வெள்ளைப் பூக் குத்தியிருந்தாள். இனிப் போரே வேண்டாம் என்பதற்கு வெள்ளையாம். பெயர் தெரியாத ஒரு சிப்பாயின் கல்லுக்கும் மறக்காமல் ஒரு சிவப்புப் பூ வைத்தார்கள்.

காற்றுக்கு விழுந்து அந்தக் கல்லடியில் கிடந்த அந்தப் பூவை எடுத்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். ஸ்ரீதரன் மச்சானுக்குக் கல்லறை இல்லையே. அவருடைய படத்தடியில் வை.

அன்புடன்,
அண்ணா பாலேந்திரன்

---

விசுவமடு
3.12.2024

அன்பு அண்ணாவுக்கு,

பூ வந்தது. செத்தவரிடம் களவெடுத்த பூவோ என்று பகிடி பண்ணத்தான் நினைத்தேன், முடியவில்லை. படத்தடியில் வைக்கவும் இல்லை. சீனிப் போத்தலுக்குப் பின்னால் இருக்கிறது.

அண்ணா, நான் அவருக்கு விளக்கு வைப்பதில்லை. இதை மகளைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை. கடைசிச் சண்டை நேரம் மாத்தளனில் சனமெல்லாம் கடலேரியைக் கடந்து போனபோது நாங்களும் மூட்டை கட்டி நின்றோம். அவர் எங்கேயோ போன் கதைத்துவிட்டு வந்து, "போகேல்லை. ரெண்டு கிழமையிலை சண்டை நிக்கும்" என்றார். "ஆர் சொன்னது?" என்று கேட்டேன். "நம்பிக்கையான ஆள். பேர் கேளாதை" என்றார். ஒன்பதாம் நாள் ஷெல் விழுந்தது.

அவருக்கு அப்படி ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள், வெளிக்கிடப் பயந்து பொய்தான் சொன்னார் என்றே நினைக்கிறேன். பதினைந்து வருடமாக அந்த மனுசனோடு சண்டைதான். பிடிவாதக்காரன் என்று உங்களிடமும் போனில் எத்தனை தரம் திட்டியிருப்பேன். நீங்கள் இரண்டு பேரும் நல்ல கூட்டு. உங்களுக்கு ஏதும் தெரியுமா?

உங்கள் அன்புத் தங்கை,
தேவிகா

---

ரொம்மன்
22.12.2024

அன்புள்ள தேவிகா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் மயானத்தில் பனி தள்ளினேன்.

அந்த ஆள் நான்தான்.

இங்கே மோர்டென்ஸ்ருட்டில் என் கூட்டாளி அருளானந்தன் வீட்டுக் குசினியில் தேநீர் ஊற்றிக் குடிக்கும்போது, போர் நிற்கப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்குத்தான் மச்சான் போன் எடுத்து, "வெளிக்கிடவோ, இருக்கவோ?" என்று கேட்டார். நோர்வேதானே சமாதானம் பேசிய நாடு, ஒஸ்லோவில் இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தார். நானும் நினைக்கவிட்டேன். "இஞ்சை பெரிய இடத்திலை கதைக்கினம் மச்சான். ரெண்டு கிழமை பொறுங்கோ. என்ரை பேரை மட்டும் சொல்லாதையுங்கோ" என்றேன். நான் சொன்ன பெரிய இடம் அருளானந்தனுடைய குசினி.

அவர் சாகும்வரை என் பெயரைச் சொல்லவில்லை. நீ அவரைப் பிடிவாதக்காரன் என்று சொல்லும்போதெல்லாம் போனில் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, தங்கச்சி. பூவை அனுப்பியதும் இதைச் சொல்லத் துணிவில்லாமல்தான். என்னை மன்னிப்பாயா?

அண்ணா

---

விசுவமடு
16.1.2025

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நேற்று அவருடைய படத்தைத் துடைத்து விளக்கு வைத்தேன். அவரிடம் கனநேரம் மன்னிப்புக் கேட்டேன். "அப்பா பொய் சொல்லேல்லை" என்று ஹம்சத்வனிக்கும் சொன்னேன்.

நீங்கள் அன்று பிழையாகச் சொன்னதை என்றைக்காவது பொறுப்பேன். உங்களுக்கும் நாங்கள் தப்ப வேண்டும் என்றுதான் ஆசை இருந்திருக்கும். அவரை நான் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இப்போதைக்குப் போன் எடுக்காதையுங்கோ.

பூவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அந்தப் பெயரில்லாத கல்லிலேயே வையுங்கோ. என் புருசனுக்குப் பெயர் இருக்கிறது.

தேவிகா ஸ்ரீதரன்