வெளிச்சத்தம் கேட்காத இயர்போன்

2006 ஜூலை, செவ்வாய்.

வீட்டுக்காரர் போனபின் தையல் கம்பெனியில் ஆளாளுக்குத் துக்கம் விசாரிக்கிறார்கள். எப்படி நடந்தது என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சாவுக்கு வந்தவர்களே மறுபடியும் கேட்கிறார்கள்.

நேற்று நாகல் நகரில் இயர்போன் வாங்கப் போனேன். கடைக்காரர் விலை குறைந்ததில் இரண்டை எடுத்துப் போட்டு, "இதுல பாட்டு நல்லாக் கேக்கும்க்கா" என்றார்.

"வெளிச்சத்தம் எதுல கேக்காது?" என்றேன். காதை அடைக்கிற ரப்பர் வைத்ததைக் கொடுத்தார்.

என்னிடம் செல்போனும் இல்லை, ரேடியோவும் இல்லை. இன்று அதை மாட்டிக்கொண்டு தைத்தேன். ஒருவரும் நெருங்கவில்லை. மதியம் அடுத்த மிஷின் நூர்ஜஹான் எழுந்து வந்தாள். இவளுமா என்றிருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. மடியில் சும்மா கிடந்த ஒயர் முனையை எடுத்து என் கம்பெனிக் கோட்டுப் பைக்குள் செருகினாள்.

"வெளிய தெரியுதுக்கா."