இருபது வாக்கியங்கள்

ஆகஸ்ட் 9
விடுதி, அறை 14

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ அனுப்பிய தாள் வந்தது. இருபது வாக்கியம். "கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்." இதை நான் கண்ணாடி முன்னால் நின்று தினமும் இரண்டு முறை சொல்ல வேண்டுமாம்! கடைசி எழுத்தை இழுக்காமல் சொன்னால் ஆறு வாரத்தில் நம்ம ஊர்ப் பேச்சு போய்விடும் என்று கீழே குறிப்பு வேறு. போவதற்கு அதென்ன சட்டைக் கறையா? கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

நடந்ததைக் கேள். அடுத்த மாதம் கல்லூரியில் கண்காட்சி. கம்பெனிக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், பிடித்தால் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். நானும் என் அறைத்தோழன் சீப்பும் ஒரே குழு (எந்நேரமும் தலை வாரிக்கொண்டே இருப்பான், அதனால் அந்தப் பெயர்). கல் உடைக்கும் கிரஷருக்கு ஒரு கருவி செய்திருக்கிறோம். காற்றில் தூசி ஏறினால் அதுவே தண்ணீர் தூவும், அடங்கினால் அதுவே நிற்கும். சென்சார், வால்வு, வயரிங் எல்லாம் நான். சீப்பு செய்தது பெயிண்ட். கிரஷரில் வேலை பார்க்கும் அப்பாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவனுக்குத்தானே இதெல்லாம் தோன்றும்?

துறைத்தலைவர் பார்க்க வந்தார். நான் விளக்கினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "மெஷினை நீ ஓட்டு, பேச்சை அவன் பேசட்டும். நீ பேசறது ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கறவனைக் கூப்பிடற மாதிரி இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து விடுதியில் எனக்கு 'ஹாரன்' என்று பெயர்.

நாம் ஏன் அப்படிப் பேசுகிறோம்? ஊர் முழுக்க கிரஷர். இழுத்து, கடைசியை மேலே தூக்கினால்தான் அந்தச் சத்தத்தில் காதில் விழும். அது குறை இல்லை அக்கா, வடிவமைப்பு. சத்தமில்லாத ஊருக்கு வந்ததற்காக என் தொண்டையைக் கழற்றி வைக்க வேண்டுமா? நீ கழற்றி வைத்தாய். என்ன ஆயிற்று? நாலு வருடமாக ஒரு போன் கிடையாது. மாதம் ஒரு கடிதம், அச்சடித்த மாதிரி. ஊருக்கு வந்தாலும் விருந்தாளி மாதிரி இரண்டு நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புகிறாய். "அவ பெரிய மனுஷி ஆயிட்டா" என்று அம்மா சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னையும் அப்படி ஆகச் சொல்கிறாயா?

கடுப்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 17
மருத்துவமனை, எக்ஸ்ரே பிரிவு

டேய்,

கிழித்தது கிழித்ததாகவே இருக்கட்டும். இன்னொரு முறை எழுதி அனுப்ப எனக்கு நேரமில்லை. வெளியே வரிசையில் முப்பது பேர்.

வடிவமைப்பாம். கேட்டுக்கொள். நான் பயிற்சிக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு பெரியவருக்கு நெஞ்சில் எக்ஸ்ரே. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மைக்கில் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன், நம்ம ஊர் இழுப்போடு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சு குலுங்கிப் படம் கலங்கிப் போனது. திரும்ப எடுத்தேன். திரும்பச் சிரித்தார். மேற்பார்வையாளர் என்னை வெளியே அனுப்பிவிட்டு இன்னொருத்தியை விட்டார். அவள் ஒரே தடவை சொன்னாள், படம் சரியாக விழுந்தது. என் பேச்சால் ஒரு மனுஷனுக்கு இரண்டு தடவை வீணாகக் கதிர் பாய்ந்தது. இதை உன் வடிவமைப்பில் எந்தப் பக்கம் எழுதுவாய்?

அன்றிலிருந்து தினமும் ஆளில்லாத எக்ஸ்ரே அறையில் ஈயக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை வாய்விட்டுப் படித்தேன். உனக்கு வந்த இருபதும் அந்தச் சுவரில் இருந்தவை. இன்றைக்கு நோயாளிகள் எனக்கு 'மூச்சக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை.

போன் ஏன் இல்லை என்று நீயா கேட்கிறாய்? வேறு யார் கேட்டாலும் பதில் சொல்வேன். நீ அந்தக் கிரஷர் ஆபீஸ் போனையே போய்க் கேள்.

அக்கா


ஆகஸ்ட் 25

அக்கா,

எக்ஸ்ரே விஷயம் எனக்குத் தெரியாது. அது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் யாருக்கும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. நான் செய்த மெஷினைப் பற்றி நான் பேசக் கூடாதா என்றுதான் கேட்கிறேன். இங்கே சீப்பு என் வரிகளையே மனப்பாடம் செய்துகொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான். கேட்கக் கேட்க அவன் தலையில் ஸ்பானரால் போடலாமா என்றிருக்கிறது.

ஆபீஸ் போன் என்ன செய்தது? ஒரு தடவை உன்னைக் கேலி செய்தேன், ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்குப் பதினைந்து வயசு. ஒரு கேலிக்கு நாலு வருடமா? எங்கே பழுது என்று நேராக எழுது. நான் மெக்கானிக், ஜோசியக்காரன் இல்லை.

தம்பி


செப்டம்பர் 3

தம்பிக்கு,

நேராகவே எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை மதியம். எல்லாரும் சாப்பிட உட்காரும் நேரம் மெஷின் நின்றிருக்கும், அப்பாவிடம் நிதானமாகப் பேசலாம் என்று ஆபீசுக்குப் போன் செய்தேன். அவருக்குச் சோறு கொண்டு வந்திருந்த நீ எடுத்தாய். "அப்பா இருக்காரா? கொஞ்சம் கூப்பிடறியா?" என்றேன். இரண்டு மாதம் ஈயக் கதவுக்குப் பின்னால் பழகின வாய், அப்படித்தான் வந்தது. நீ ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினாய். அமுக்கினால் எதிர்முனைச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகும், எனக்குத் தெரியும். "எல்லாரும் கேளுங்க, எங்க வீட்டு மகாராணி பேசறா!" என்றாய். நான் சொன்னதை எல்லாம் மூக்கால் திருப்பிச் சொன்னாய். லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். கணக்குப்பிள்ளை சிரித்தார். அதுவரை பொறுத்துக்கொண்டேன். அப்புறம் இருமலோடு ஒரு சிரிப்பு கேட்டது. அங்கே இருமலோடு சிரிக்கிறவர் ஒருத்தர்தான்.

நீ நினைத்த மாதிரி நான் உடனே போனை வைக்கவில்லை. கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று எதற்குக் கூப்பிட்டேன் தெரியுமா? படிப்பு வேண்டாம், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்ல. இங்கே இழுக்கிறேன் என்று சிரித்தார்கள். அங்கே இழுக்கவில்லை என்று சிரித்தீர்கள். நான் எங்கே போய் வாயைத் திறப்பது? காகிதத்தில் யாருக்கும் இழுப்பு தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

உனக்கு இருபது வாக்கியம் அனுப்பியது உன்னைத் திருத்த இல்லை. நான் பட்டது உனக்கு வேண்டாம் என்றுதான்.

மன்னிப்புக் கேட்டு எழுதாதே, படிக்க மாட்டேன். மெஷின் ஓடட்டும்.

அக்கா


செப்டம்பர் 22

அக்கா,

மன்னிப்பு எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தாளைக் கிழித்தேன் என்றது பொய். பெட்டிக்கு அடியில் இருந்தது. உன் எக்ஸ்ரே கடிதம் வந்த பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். பதினொன்று வரை வந்தது. "உலோகப் பொருள்களைக் கழற்றி வைக்கவும்" நன்றாகவே வந்தது.

கண்காட்சியில் சீப்பு நன்றாகத்தான் பேசினான். கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் அம்மா, "தண்ணிக் குழாய் அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார். சீப்பின் கை தலைமுடிக்குப் போனது. நான் வாயைத் திறந்தேன். முதல் இரண்டு வாக்கியம் உன் மாதிரியே வந்தது. மூன்றாவது, "தண்ணி வரலைன்னா கிரஷரே நின்னுடும், ஏன்னா அங்க ஆளுங்க மூச்சு விட்டுக்கிட்டிருக்காங்க." அந்த இடத்தில் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. கடைசி தானாக மேலே ஏறிவிட்டது. பின்னாலிருந்து எவனோ "பாம், பாம்" என்றான். அந்த அம்மாவின் உதடும் லேசாகக் கோணியது. நான் நிறுத்தவில்லை, முழுக்கச் சொல்லி முடித்தேன்.

மாலையே பட்டியல் ஒட்டினார்கள். சீப்பு இருக்கிறான். நான் இல்லை.

அன்று சாப்பாட்டுக் கூடத்தில் அவன் பெஞ்சின் மேல் ஏறி நின்று என்னைப் போலப் பேசிக் காட்டினான். நான் உன்னைச் செய்ததைவிட நன்றாகவே செய்தான். ஐம்பது பேர் சிரித்தார்கள். எல்லாமே எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது. டிரைவர் முகம், கணக்குப்பிள்ளை முகம். பெஞ்சின் மேல் நின்றது என் முகம்.

தட்டை அவன் தலையில் கவிழ்த்தேன். வாரி முடிக்க ஒரு வாரம் ஆகும். எனக்கும் ஒரு மாதம் விடுதியை விட்டு வெளியே போகக் கூடாது என்று வார்டன் உத்தரவு.

நீ எழுதியதை அப்படியே அப்பாவுக்கு எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது. "அன்னிக்கு நானும் சிரிச்சேன்." வேறு எதுவும் இல்லை. மை இரண்டு இடத்தில் ஊறியிருந்தது.

பேச்சை மாற்றுவதா வேண்டாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. துறைத்தலைவர் மேல் கோபம் இம்மியும் குறையவில்லை. உன் மேலும் கொஞ்சம் இருக்கிறது, நாலு வருடம் இதைச் சொல்லாமல் வைத்திருந்ததற்கு. என் மேல் இருப்பதை அளக்கக் கருவி இல்லை.

விடுதிப் போன் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. எண் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பக்கத்தில் நிற்பேன். எந்தக் குரலில் வேண்டுமானாலும் பேசு, பேசாமலும் இரு. வரவில்லை என்றால் அடுத்த ஞாயிறும் நிற்பேன். எனக்குப் பொறுமை கிடையாது, உனக்கே தெரியும். இருந்தாலும் நிற்பேன்.

ஹாரன்

பி.கு: கவரைப் பார்த்துப் பிரி. உள்ளே கறுப்பாக, நகம் அளவில் ஒன்று கிடக்கும். இந்தப் போனின் ஸ்பீக்கர் பொத்தான். கழற்றிவிட்டேன். வார்டனுக்கு இன்னும் தெரியாது.