புனே கம்பெனி வருகிற வெள்ளிக்கிழமை

சௌமி,

கம்பெனி பஸ் வரும் நேரம். தூங்குகிற உன்னை எழுப்ப மனசில்லை. களி கிண்டி மூடி வைத்திருக்கிறேன், அவரைக்கொட்டைக் குழம்பைச் சுடவைத்துக்கொள். ராத்திரியும் நீ சாப்பிடவில்லை. கேஸ் சிலிண்டர் வரும். வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டுக் கன்னடத்து அக்காவிடம் கொடு.

உங்கள் கல்லூரிக்கு வெள்ளிக்கிழமை புனே கம்பெனி ஆள் எடுக்க வருகிறது என்று உன் தோழி சுவாதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன் பெயர் கொடுக்கவில்லை என்று நேற்று கேட்டால், "நான் போயிட்டா நீ ஒண்டியா என்னண்ணா பண்ணுவ?" என்கிறாய். "என்னைப் பாத்துக்க எனக்குத் தெரியும், போ" என்று கத்திவிட்டேன்.

தெரியாது, சௌமி. போன மாதம் நீ கல்லூரி டூர் போயிருந்தபோது வேலை முடிந்து வந்தால் வீட்டில் பேச ஆளில்லை. டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்காக நீ இங்கேயே தங்கிவிட்டால், அந்தக் கஷ்டத்தை என்னால் தாங்க முடியாது. ஊத்தங்கரையை விட்டு இங்கே வந்ததே உன் படிப்புக்காகத்தான்.

இன்றே கல்லூரியில் வேலைக்குப் பெயர் எழுதும் மேடத்தைப் பார்த்துப் பெயரைக் கொடு.

அண்ணன்

சனிக்கிழமை உங்கள் ஆண்டுவிழாவுக்கு லீவு சொல்லிவிட்டேன். அதற்குள் உன் கோபம் தீராவிட்டாலும் சரி, பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி பிடித்து வை. பேசாமலே உட்கார்ந்திருக்கலாம்.